பொழுதுபோக்கு என்ற இடத்தில் என்ன எழுதுவது?

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் மாலை, சங்க அறையில் அமர்ந்து இவ்விதழின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். டில்லிக் குளிர் அப்போதுதான் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. முதலாண்டு மாணவத் தம்பி ஒருவர் உள்ளே வந்தார். கையில் நான்காக மடித்த தாள்.

“அண்ணா, இதைச் செயலாளர் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறீர்களா?”

பிரித்துப் பார்த்தேன். சங்கத்திலிருந்து விலகிக்கொள்வதாகக் கடிதம். ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று எழுதியிருந்தது. அந்தக் காரணம் யாது என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். கைப்பேசிச் செயலி ஆக்கும் தொழிலுக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டில் கல்விக் கடன் வாங்கியிருக்கிறார்கள். மேல் வகுப்பு மாணவர் ஒருவர் அவருக்கு அறிவுரை கூறியிருக்கிறார்: மாலைப்பொழுது முழுவதும் நிரல் எழுதிப் பழகவேண்டும்; நாள்தோறும் எழுதியதை ஊரறிய இணையத்தில் ஏற்றவேண்டும்; தன்விவரக் குறிப்பில் ‘பொழுதுபோக்கு’ என்ற இடத்தில்கூடத் தொழிலோடு சேர்ந்ததையே எழுதவேண்டும்; ‘தமிழ்ச் சங்கம்’ என்று எழுதினால் நேர்முகத் தேர்வில் சிரிப்பார்கள்.

அந்தத் தம்பிக்கு அன்று நான் சரியான விடை கூறவில்லை. ‘பார்ப்போம், இரு தம்பி’ என்று சொல்லிக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று சொல்லாமற் போனதை இங்கே எழுதுகிறேன். அவர் ஒருவருக்காக மட்டும் எழுதவில்லை. இதே கடிதத்தை மனத்திற்குள் எழுதி வைத்திருப்போர் நம்மில் பலர் உண்டு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சிரிப்பார்கள் என்பது மெய்தான். சென்ற ஆண்டு நான் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘தமிழ் இதழுக்கு மெய்ப்புத் திருத்துதல்’ என்று எழுதியிருந்தேன். தேர்வாளர் அதைப் படித்தார். இதழோரத்தில் ஒரு புன்னகை வந்து போயிற்று. பிறகு தொழிலைப் பற்றிக் கேட்டார். ‘கைப்பேசியைக் குறுக்கே திருப்பியதும் திரையில் நிரப்பி வைத்த விவரமெல்லாம் ஏன் அழிந்துபோகிறது?’ என்பது கேள்வி. ஆண்டிராய்டில் கைப்பேசியைத் திருப்பினால், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், அந்தத் திரையையே கலைத்துப் புதிதாக மீண்டும் கட்டுகிறது இயங்குதளம். ஆகவே விவரத்தைத் திரைக்கு வெளியே வேறோர் இடத்தில் காத்து வைத்தல் வேண்டும். இத்தொழிலின் அரிச்சுவடி இது. எனக்குத் தெரியவில்லை. கைப்பேசியின் நினைவகத்தில் பழுதிருக்கலாம் என்று ஏதோ உளறினேன். வேலை கிடைக்கவில்லை. அறைக்குத் திரும்பி, ‘தமிழன் என்பதால் தள்ளிவிட்டார்கள்’ என்று நண்பர்களிடம் சொன்னேன். அது பொய். தமிழ் என்னைக் கெடுக்கவில்லை. அரிச்சுவடி தெரியாமற் போனதுதான் கெடுத்தது. ஆதலால் தம்பி தொழிலைக் கற்பதற்கு நேரம் வேண்டும் என்று சொன்னால், அதை மறுக்க எனக்கு வாயில்லை.

ஆனால் எதைக் கற்பது? எல்லா மாலைப்பொழுதையும் கொடுத்து வாங்குகிற பொருள் எத்தனை நாளைக்கு உழைக்கும் என்று பார்க்கவேண்டாமா?

இத்தொழிலின் வரலாறு மிகச் சிறியது. ஐ-ஃபோன் 2007-இல் வந்தது. அதற்கான செயலிக் கடை 2008 ஜூலையில் திறக்கப்பட்டது; ஆண்டிராய்டு கைப்பேசி அதே ஆண்டு விற்பனைக்கு வந்தது. இருபது ஆண்டுகூட நிறையாத இந்தக் காலத்திற்குள் எத்தனை கருவிகள் வந்து மறைந்தன! சிம்பியன் என்னும் இயங்குதளத்துக்குச் செயலி எழுதக் கற்றவர்கள் ஒருகாலத்தில் பெரிய வித்தகர்கள். 2011 பிப்ரவரியில் நோக்கியா நிறுவனம் விண்டோஸ் ஃபோனுக்கு மாறுவதாக அறிவித்தது; அவர்கள் கற்ற கல்வி அன்றே பழங்கணக்காயிற்று. மாறிப் போன இடமாவது நிலைத்ததா? அதுவும் நிலைக்கவில்லை. ஆப்பிள் கருவிகளுக்கு ஆப்ஜெக்டிவ்-சி என்ற மொழியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2014-இல் ஸ்விஃப்ட் வந்தது. ஆண்டிராய்டில் ஜாவா ஆண்டது. 2017-இல் கோட்லின் மொழிக்கும் கூகுள் ஆதரவு தந்தது. 2019-இல் கோட்லினுக்கே முதலிடம் என்று அறிவித்தது. திரைகளை அமைக்கும் முறையோ 2019-இல் ஆப்பிளிலும், 2021-இல் ஆண்டிராய்டிலும் அடியோடு புதுப்பிக்கப்பட்டது. இரண்டு தளங்களுக்கும் ஒரே முறை எழுதலாம் என்று 2015-இல் ரியாக்ட் நேட்டிவ் வந்தது. 2018 டிசம்பரில் ஃபிளட்டர் முதற்பதிப்பு வந்தது. இப்போதோ, சொன்னால் நிரலை எழுதிக் கொடுக்கும் இயந்திரமும் வந்துவிட்டது. விடுதியில் அதைப் பயன்படுத்தாதவர் யார்? நானும் பயன்படுத்துகிறேன்.

நிலைத்து நிற்பவை சில உண்டு. தரவுகளை அடுக்கி வைக்கும் முறை, நினைவகம் வேலை செய்யும் விதம், வலையில் செய்தி போய் வரும் வழி, ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடந்தால் எழும் குழப்பம் ஆகியவை மாறுவதில்லை. எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் 2000-இல் பிறந்தது. இன்றும் ஆண்டிராய்டிலும் ஐ-ஃபோனிலும் அதுவே உள்ளிருந்து உழைக்கிறது. அடிப்படையைக் கற்றவன் கருவி மாறும்போது ஒரு மாதம் தடுமாறுவான். கருவியை மட்டும் கற்றவனோ தொழிலையே இழப்பான்.

இவ்வளவும் எந்தப் பேராசிரியரும் சொல்லக்கூடியதே. இனிச் சொல்லப்போவது எங்கள் வீட்டுக் கதை.

என் தாயார் தென்காசிப் பக்கத்தில் இருக்கிறார்கள். தமிழ் மட்டும் படிப்பார்கள், நன்றாகப் படிப்பார்கள். சென்ற விடுமுறையில் புதுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் தமிழிலே மாற்றிவைத்து, ‘இனி யாரையும் கேட்கவேண்டியதில்லை அம்மா’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். பெரியம்மா வீட்டுத் திருமணத்துக்குக் கோவை செல்லப் பேருந்துச் செயலியில் இடம் பதிவு செய்தார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் செயலி ஒரு செய்தி காட்டிற்று. அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ‘பயணத்தை உறுதி செய்’ என்றும், மற்றொன்றில் ‘பயணத்தை இரத்து செய்’ என்றும் இருந்திருக்கவேண்டும். பொத்தானின் அகலம் போதவில்லை. ஆகவே இரண்டிலும் ‘பயணத்தை’ என்ற ஒரு சொல்லும் அதற்குப் பிறகு மூன்று புள்ளிகளுமே தெரிந்தன. அம்மா ஒன்றை அழுத்தினார்கள். ‘நிச்சயமாகவா?’ என்று செயலி கேட்டது. திருமணத்துக்குப் போவது நிச்சயந்தானே? ‘ஆம்’ என்று அழுத்தினார்கள்.

மறுநாள் இரவு பேருந்து வந்தது. பட்டியலில் பெயரில்லை என்றார் நடத்துநர். அடுத்த வண்டி விடியற்காலையில்தான். அதுவரை பேருந்து நிலையத்தில் ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருந்தார்கள். முகூர்த்தம் முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தார்கள். பிறகு தொலைபேசியில் என்னிடம் சொன்னது இது: “எனக்குத்தான் பார்க்கத் தெரியலப்பா. நீ நல்லாத்தான் வச்சுக் கொடுத்தே.”

அம்மாவின் குற்றமா அது? அன்று. அந்தச் செயலியை ஆக்கியவர் கெட்டவரா? அவரும் அல்லர். திறமை மிக்கவராகவே இருப்பார். நேர்முகத் தேர்வில் என்னைக் கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்லியிருப்பார். ஆனால் அவர் ஆங்கிலத்தில் பொத்தானை அமைத்தார். ஆங்கிலத்தில் வினை முதலில் நிற்கும். பாதி வெட்டுப்பட்டாலும் ‘இரத்து செய்’ என்ற பொருள் தப்பிவிடும். தமிழில் வினை கடைசியில் நிற்கும். வாலை வெட்டினால் உயிரே போய்விடும். பெயர்ச்சொல் மட்டும் எஞ்சி, செய்யவா, விடவா என்பது தெரியாமற் போகும். சொற்களை வேண்டுமென்றே நீட்டிக் காட்டும் சோதனை வசதி ஆண்டிராய்டிலும் உண்டு, ஆப்பிளிலும் உண்டு. இடம் போதவில்லை என்பதை அது காட்டும். எந்தச் சொல் போனால் எந்தப் பொருள் போகும் என்பதைக் காட்டாது. அதற்குத் தமிழ் தெரிந்த ஒரு மனிதர் அந்தத் திரையை ஒரேயொரு முறை பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. பார்க்கக்கூடியவர்கள் தத்தம் மாலைப்பொழுதுகளில் வேறு எதையோ பழகிக்கொண்டிருந்தார்கள் போலும்.

இதைக் கேட்டு ‘ஆங்கில ஆதிக்கம்’ என்று மேடையேறி முழங்குவது எளிது. நம் சங்கத்தில் அதற்கு ஆளும் உண்டு, கைதட்டும் உண்டு. முழங்கிவிட்டு இறங்கினால் அந்தப் பொத்தான் அகலமாகிவிடுமா?

நான் முழங்கவில்லை. ஒரு சிறு வேலையை எடுத்துக்கொண்டேன். நம் சங்க நூல்நிலையத்தில் எந்த நூல் யாரிடம் இருக்கிறது என்பது எவருக்கும் தெரிவதில்லை என்பதை நேயர்கள் அறிவீர்கள். சிலருக்குத் தெரிந்தும் சொல்வதில்லை. அதற்கென்று ஓர் இரவல் கணக்குச் செயலி எழுதினேன். நூற்பெயர்களை அகரவரிசைப்படுத்தும் பகுதியை இயந்திரத்திடம் எழுதித் தரச் சொன்னேன். நொடியில் தந்தது. பிழையின்றி ஓடவும் செய்தது. பட்டியலைப் பார்த்தேன். ‘பகல்’ முன்னும் ‘பக்கம்’ பின்னுமாக நின்றன. எந்தத் தமிழ் அகராதியிலும் பக்கம் அல்லவா முன்னே நிற்கும்? ழகரம் ளகரத்துக்குப் பின்னும், னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும் போய் அமர்ந்திருந்தன.

காரணம் இதுதான். யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. பிற இந்திய எழுத்துகளின் அமைப்பை ஒட்டியது அதன் வரிசை. நம் நெடுங்கணக்கின் வரிசை அன்று. மெய்யெழுத்துக்கும் அங்கே தனி இடம் கிடையாது. ககரத்தின் பின் புள்ளியைச் சேர்த்தால் ‘க்’. அந்தப் புள்ளியின் எண், உயிர்மெய்க் குறிகள் பலவற்றிற்கும் பின்னால் வருகிறது. எண்களை மட்டும் ஒப்பிட்டால் தமிழின் வரிசை கிடைக்காது. அதற்கென்றே தமிழ் வரிசை அறிந்த கருவி ஒன்று ஆண்டிராய்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘தமிழ்’ என்று மொழியைக் குறித்து அழைத்தால் போதும். ஒரு வரி வேலை. ஆனால் வரிசை தவறு என்று ஒருவன் முதலில் காணவேண்டுமே! மெய்ப்புத் திருத்திப் பழகிய கண் இல்லாவிட்டால் நானும் கண்டிருக்கமாட்டேன். இயந்திரம் எழுதியது, ஓடிற்று, நன்று என்று விட்டிருப்பேன்.

இன்னொன்றும் கண்டேன். ‘தமிழ்’ என்ற சொல்லில் எழுத்து எத்தனை? மூன்று என்று முதல் வகுப்புக் குழந்தை சொல்லும். கோட்லினைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும். ஸ்விஃப்டைக் கேட்டால் மூன்று என்கிறது. ‘பெயர் 10 எழுத்துக்குள்’ என்று ஒரு செயலியில் விதி வைத்தால், ஆங்கிலப் பெயர் முழுதாக நுழையும். நம் மீனாட்சிசுந்தரங்கள் வாசலில் நிற்பார்கள். அது மட்டுமன்று, பத்தில் வெட்டும்போது புள்ளிக்கு முன்னே வெட்டு விழுந்தால் ‘ம்’ ‘ம’ ஆகும்.

செயலியைக் கடையில் ஏற்றச் சென்றேன். கணக்குத் திறக்கக் கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர் செலுத்தவேண்டியிருந்தது. (ஆப்பிளோ ஆண்டுதோறும் 99 டாலர் கேட்கிறது, மாணவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க இயலாது.) தனிநபராகப் புதிதாய்க் கணக்குத் திறந்தவர், பொதுமக்களுக்கு வெளியிடுமுன் 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் சோதிக்கவேண்டும் என்பது விதி. பன்னிருவரைத் திரட்டுவது பொங்கல் விழாவுக்கு நன்கொடை திரட்டுவதினும் கடினமாயிற்று. ஆறாம் நாளில் ஒருவர் செயலியை நீக்கிவிட்டார். இடமில்லை, கிரிக்கெட் ஆட்டம் ஒன்றை ஏற்றவேண்டும் என்றார். ஆனால் அந்தப் பதினான்கு நாளில் நான் கற்றது, ஒரு பருவம் முழுதும் வகுப்பில் கற்றதினும் மிகுதி. விலை குறைந்த கைப்பேசி வைத்திருந்த விடுதித் தோழர் ஒருவர், ‘அண்ணே, இது திறக்கிறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம்’ என்றார். அன்றுதான் வேகம் என்றால் என்ன என்பதைக் கற்றேன். கைப்பேசியைக் குறுக்கே திருப்பினால் எழுதியது அழிகிறது என்று இன்னொருவர் முறையிட்டார். யான் பெற்ற பழைய கேள்வி! இம்முறை விடை தெரிந்திருந்தது.

ஆக, தம்பி, உனக்கு அறிவுரை சொன்னவரோடு நான் மாறுபடுவது ஓரிடத்தில்தான். பொழுதுபோக்கும் தொழிலாகவே இருக்கவேண்டும் என்கிறாரே, அதை நான் ஏற்பதற்கில்லை. பகலெல்லாம் நிரல், இரவெல்லாம் நிரல், ஓய்விலும் நிரல் என்று வாழ்பவனுக்குத் தான் எழுதுவதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று காண நேரம் ஏது? என் வகுப்பில் ஒருவர் தபேலா வாசிப்பார். ஒலி சார்ந்த செயலிகளில் காற்கணத் தாமதத்தையும் அவர் காது பிடித்துவிடுகிறது. எங்களுக்கு அது கேட்பதே இல்லை. அதற்காகவா அவர் தபேலா கற்றார்? இல்லை. பயன் கருதிப் பழகினால் அது பொழுதுபோக்கே ஆகாது. பயன் வந்தால் வரட்டும். வராவிட்டாலும் பழகுவான் என்பதில்தான் அதன் சிறப்பெல்லாம்.

தமிழ் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்று நான் உறுதி கூறவில்லை. கூறினால் உன்னை ஏமாற்றியவனாவேன். இரண்டாம் நேர்முகத் தேர்வில் எனக்கு இடம் கிடைத்தது உண்மை. இரவல் கணக்குச் செயலியைப் பற்றி அரைமணி நேரம் கேட்டதும் உண்மை. என்றாலும் கூட வந்த வேறொருவருக்கு என்னைவிடக் கூடுதல் சம்பளம் கிடைத்தது. அவர் எந்தச் சங்கத்திலும் இல்லை.

சங்கத்தார்க்கும் ஒரு சொல் உண்டு. தம்பி விலக எண்ணியதற்கு அறிவுரை சொன்னவர் மட்டுமா காரணம்? ஆறு மணிக்குக் கூட்டம் என்று அழைத்து ஏழரைக்குத் தொடங்குகிறோம். தலைவர் முன்னுரை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் முடிவதற்குள் விடுதியில் உணவும் முடிந்துவிடுகிறது. கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளையின் மாலைப்பொழுதை இப்படி வாங்கிக்கொள்ள நமக்கு என்ன உரிமை? மூத்த மொழி என்று நாம் மேடையில் சொல்லும் அதே நேரத்தில், அந்த மொழியில் ஒரு பொத்தானைப் படிக்க முடியாமல் ஒரு தாய் பேருந்து நிலையப் படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் கணினியில் முரசு அஞ்சலை உருவாக்கினார். 2005-இல் சிங்கப்பூரில் வெளிவந்த செல்லினம் வழியே கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தவரும் அவரே. ஐ-ஃபோன் பிறப்பதற்கு இரண்டாண்டு முன்பே நடந்தது இது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழுக்கென ஒரு பொது விசைப்பலகை வகுக்கப்பட்டது. அவர்கள் எழுத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். வந்த எழுத்து ஒழுங்காக நிற்கிறதா என்று பார்க்கும் வேலை மிச்சமிருக்கிறது. அதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த கண்ணும் பொறுமையும் போதும்.

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மாதம் இரண்டு கூட்டங்களில் ஒன்றை நிறுத்திவிடலாம். அந்த மாலையில், பழைய கைப்பேசிகள் நான்கைந்தை மேசைமேல் வைத்து, நம் வீட்டார் நாள்தோறும் பயன்படுத்தும் செயலிகளைத் தமிழில் திறந்து பார்ப்போம். வங்கி, பேருந்து, சமையல் எரிவாயு, மருத்துவமனை என எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வெட்டுப்பட்ட சொல், தப்பான மொழிபெயர்ப்பு, வரிசை மாறிய பட்டியல் எதைக் கண்டாலும் படமெடுத்து, எந்தத் திரை, எந்தக் கைப்பேசி, எந்தப் பதிப்பு என்று குறித்து, ஆக்கியவர்களுக்கு அனுப்புவோம். செயலிக் கடையில் ஒவ்வொரு செயலியின் கீழும் ஆக்கியவர் முகவரி இருக்கிறது. வசையின்றி, விளக்கமாக எழுதினால் பெரும்பாலோர் திருத்துவார்கள் என்றே நினைக்கிறேன். அந்தப் பேருந்துச் செயலிக்கு நான் எழுதினேன். முதல் கடிதத்துக்கு விடையில்லை. கோபத்தில் எழுதிய கடிதம் அது. இரண்டாவதில் படத்தை இணைத்து, வினைச்சொல் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பொத்தான்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, முழுச் சொற்களோடு வந்தன. நன்றிக் கடிதம் எதுவும் வரவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். ‘அப்படியா’ என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். இப்போதும் அந்தச் செயலியைத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் பதிவு செய்யச் சொல்கிறார்கள்.

தம்பியின் கடிதம் இன்னும் என் நோட்டுப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. செயலாளரிடம் கொடுக்கவில்லை. இதைப் படித்த பின்னும் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் வரும் சனிக்கிழமை நாலு மணிக்குச் சங்க அறைக்கு வரட்டும். என்னிடம் இரண்டு பழைய கைப்பேசிகள் இருக்கின்றன. அவரிடம் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள்.